தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீரா? நஞ்சை ஈர்க்கும் களிமண்ணும் நம் பொறுப்பும்

உயிருள்ள ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்தே படைத்ததாக அல்லாஹ் திருக்குர்ஆனில் (21:30) கூறுகிறான். மனிதனின் மூலம் களிமண் என்பதையும் பல இடங்களில் நினைவூட்டுகிறான். தண்ணீர் கிடைக்காதபோது தூய மண்ணைக் கொண்டு தயம்மும் செய்துகொள்ள அனுமதி தந்திருக்கிறான் (4:43, 5:6). நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. தண்ணீரும் மண்ணும் தூய்மைக்கான இரு சாதனங்கள் என்பது நம் பிள்ளைகள் மக்தப் மதரஸாவில் படிக்கும் ஆரம்பப் பாடம்.

இன்று அந்தத் தண்ணீரே பல ஊர்களில் கெட்டுவிட்டது. ரசாயனத்தால் கெட்ட தண்ணீரைச் சுத்தம் செய்ய களிமண்ணைப் பக்குவப்படுத்திப் பயன்படுத்தும் முறை ஒன்று உலகில் வளர்ந்து வருகிறது. இன்றைய வேதியியலைப் பழைய நூல்களுக்குள் தேடிக் கண்டுபிடிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த முறை என்ன, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது, நம் குடும்பங்களும் தொழில்களும் இதில் எங்கே நிற்கின்றன என்பதையே பார்க்கப் போகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

தண்ணீரைக் கெடுப்பவற்றில் கரிம நஞ்சுகள் ஒரு தனி வகை. கடைகளில் 'ஆர்கானிக்' என்று விற்கும் காய்கறிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கரி அணுக்களை முதுகெலும்பாகக் கொண்ட ரசாயனங்களுக்கு வேதியியலில் கரிமச் சேர்மங்கள் என்று பெயர். பெட்ரோல், டீசலில் உள்ள பென்சீன், பூச்சிக்கொல்லிகள், சாயங்கள், பெயிண்ட் தின்னர், ஃபீனால் வகைகள் எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் பல மிகச் சிறிய அளவிலேயே தீங்கு செய்பவை.

ஓர் உதாரணம் பாருங்கள். பென்டாகுளோரோஃபீனால் என்பது மரத்தையும் தோலையும் பூஞ்சை பிடிக்காமல் காக்கப் பயன்பட்ட ரசாயனம். குடிநீரில் இது லிட்டருக்கு 9 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதாவது, 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஒன்பதில் மொத்தமாக ஒரே ஒரு கிராம் கலந்தாலே அந்த வரம்பு தாண்டிவிடும். நிறத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டுக்கு வரும் விற்பனையாளர் டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் வைத்து எண்ணைக் காட்டுவார். அந்தக் கருவி, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை அளந்து, கரைந்துள்ள உப்பைக் கணக்கிடுகிறது. பென்சீனையோ பூச்சிக்கொல்லியையோ அது காட்டாது. மீட்டரில் நல்ல எண் வந்த தண்ணீரிலும் நஞ்சு இருக்கலாம்.

பாலாற்றங்கரை சொல்லும் பாடம்

தமிழ் முஸ்லிம்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழில் நம் சமுதாயத்தின் பெரும் வாழ்வாதாரம். மேல்விஷாரத்துக் கல்லூரி இன்றும் தாங்கி நிற்கும் சி. அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயர், ஒரு தோல் வணிகரின் பெயர்தான். அந்தத் தொழிலின் வருமானத்தில் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் எழுந்தன. அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது என்பதும் உண்மை.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதை அத்தீர்ப்பு பதிவு செய்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதையும் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த வழக்கின் வழியாகத்தான் நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பாலாறு தேறவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் அதே கொள்கையை வலியுறுத்தி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது.

தோல் கழிவு என்றதும் எல்லோரும் குரோமியத்தையும் உப்பையும் பேசுவார்கள். கரிம நஞ்சுகள் பேசப்படுவது குறைவு. ஆனால் இத்தொழிலை உலுக்கிய ஒரு சம்பவமே கரிம நஞ்சால் வந்ததுதான். மேலே சொன்ன பென்டாகுளோரோஃபீனாலை 1989 இறுதியில் ஜெர்மனி தடை செய்தது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் சரக்கு உள்ளே வர முடியாது என்றானது. ஜெர்மனி நம் தோலுக்குப் பெரிய சந்தை. தமிழ்நாட்டின் தோல் தொழிற்சாலைகள் அவசர அவசரமாக மாற்று ரசாயனங்களுக்கு மாறின. 1991-ல் இந்தியாவும் அதைத் தடை செய்தது. 2015-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கீழ் உலகளவில் ஒழிக்க வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.

இதில் நாம் சிந்திக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. செருப்பு அணிகிறவரின் பாதத்தைக் காக்க ஒரு நாடு சட்டம் போட்டதும் தொழில் மாறிக்கொண்டது. அந்தத் தோலை ஊறவைத்த ஊரின் கிணற்றைக் காக்க நீதிமன்றம் பல முறை உத்தரவிட வேண்டியிருக்கிறது.

களிமண் எப்படி வேலை செய்கிறது?

களிமண்ணில் பல வகைகள் உண்டு. தண்ணீர்ச் சுத்திகரிப்பில் அதிகம் பேசப்படுவது பெண்டோனைட். குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மர் பகுதிகளில் இது வெட்டி எடுக்கப்படுகிறது. பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மட்டியும் இதற்கு நெருங்கிய உறவுதான். எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சும் குணத்துக்காகவே அதைப் பூசுகிறார்கள்.

பெண்டோனைட்டின் முக்கியக் கனிமத்துக்கு மாண்ட்மோரில்லனைட் என்று பெயர். அது அடுக்கி வைத்த காகிதக் கட்டைப் போன்றது. ஒவ்வொரு தாளின் கனமும் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இந்தத் தாள்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஒரே ஒரு கிராம் மண் சுமார் 750 சதுர மீட்டர் பரப்பாகும். சென்னைக் கணக்கில் சொன்னால் மூன்று கிரவுண்டு மனைக்கும் மேல்! ஒரு சிட்டிகை மண்ணில் அவ்வளவு இடம்.

இந்தத் தாள்களுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அதைச் சமன் செய்ய சோடியம், கால்சியம் போன்ற நேர்மின்னூட்ட அயனிகள் இடையில் அமர்ந்திருக்கும். இவை இறுகப் பிணைந்தவையல்ல. வேறு நேர்மின்னூட்ட அயனி வந்தால் இடம் கொடுத்துவிடும். அதனால்தான் சாதாரணக் களிமண் உலோக அயனிகளையும் சிலவகைச் சாயங்களையும் நன்றாகப் பிடிக்கிறது.

ஆனால் கரிம நஞ்சுகளில் பெரும்பாலானவை எண்ணெய்த் தன்மை கொண்டவை. களிமண்ணின் இயல்போ தண்ணீரை விரும்புவது. அதன் இடைவெளிகளில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது பென்சீனுக்கும் பூச்சிக்கொல்லிக்கும் அங்கே இடமில்லை. தோலுக்கு ஏற்றும் அமிலச் சாயங்களும் திருப்பூர்ப் பருத்தித் துணிக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயங்களும் எதிர்மின்னூட்டம் உடையவை. எதிர்மின்னூட்டமுள்ள களிமண் அவற்றைத் தள்ளிவிடும். நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். அந்தக் கழிவில் வெறும் மண்ணை அள்ளிப் போட்டுப் பயனில்லை.

மண்ணைப் பக்குவப்படுத்துதல்

இங்கேதான் மாற்றியமைத்த களிமண் வருகிறது. குவாட்டர்னரி அமோனியம் என்ற ரசாயனக் குடும்பம் ஒன்று உண்டு. காயம் கழுவும் மருந்திலுள்ள செட்ரிமைடு, தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரிலுள்ள சில பொருள்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதன் மூலக்கூறுக்கு நேர்மின்னூட்டமுள்ள தலையும் எண்ணெய் போன்ற நீண்ட வாலும் இருக்கும். களிமண்ணோடு இதைக் கலந்தால் தலை, சோடியம் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வால்கள் தாள்களுக்கு நடுவே படர்ந்து எண்ணெய்ப் படலம் போல நிற்கும்.

அவ்வளவுதான், மண்ணின் குணம் மாறிவிடுகிறது. தண்ணீரை விரும்பிய மண் இப்போது எண்ணெயை விரும்புகிறது. தண்ணீரில் வேண்டா வெறுப்பாகக் கரைந்திருந்த நஞ்சு, தனக்கு ஒத்த இடம் கிடைத்ததும் அந்தப் படலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். இந்த ரசாயனத்தை இன்னும் அதிகம் சேர்த்தால் மண்ணின் மேற்பரப்பே நேர்மின்னூட்டம் பெற்று, முன்பு தள்ளிய சாயங்களையும் ஈர்க்கும். இப்படிப் பக்குவப்படுத்திய மண்ணை ஆர்கனோகிளே என்கிறார்கள். பெயிண்ட், கிரீஸ் தயாரிப்பில் இது பல பத்தாண்டுகளாகவே பழக்கமான பொருள்.

தண்ணீரைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்தலாம் என்பதை நிறுவியவர்களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பாய்ட், மேக்ஸ் மார்ட்லேண்ட் ஆகியோர் முக்கியமானவர்கள். 1988-ல் அவர்கள் குழு வெளியிட்ட ஆய்வில் சோதித்த நஞ்சு எது தெரியுமா? நம் தோல் தொழிலை உலுக்கிய அதே பென்டாகுளோரோஃபீனால்தான். நீண்ட வால் பொருத்திய களிமண் அதை வலுவாகப் பிடித்துக்கொண்டது.

வேறு முறைகளும் உண்டு. அமிலத்தில் பக்குவப்படுத்திய களிமண், சமையல் எண்ணெயின் நிறத்தை நீக்க ஆலைகளில் பயன்படுகிறது. தாள்களுக்கு இடையே இரும்பு, அலுமினியம் போன்றவற்றின் ஆக்ஸைடுகளைத் தூண்கள் போல நிறுத்தும் முறை இன்னொன்று. இரும்புத் தூண் நிறுத்திய களிமண்ணோடு ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் சேர்த்தால், நஞ்சைப் பிடிப்பதோடு நில்லாமல் அதை உடைக்கவும் செய்யும்.

எங்கே பயன்படுகிறது?

அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் வில்லாமெட் ஆற்றங்கரையில் மெக்கார்மிக் அண்ட் பாக்ஸ்டர் என்ற மரப் பதப்படுத்தும் ஆலை இருந்தது. கிரியோசோட் எண்ணெயும் பென்டாகுளோரோஃபீனாலும் பல ஆண்டுகள் அங்கே மண்ணில் இறங்கி ஆற்றின் அடியில் சேர்ந்தன. ஆலை மூடிய பிறகு, 2004 வாக்கில் ஆற்றுப்படுகையின் மேல் மணலோடு ஆர்கனோகிளேயையும் பரப்பி, எண்ணெய் மேலே கசியாதபடி தடுத்தார்கள்.

ஆலைகளில் இதன் வேலை பெரும்பாலும் முன்னோடிக் காவலன் வேலை. தண்ணீரில் எண்ணெய் இருந்தால் ஆக்டிவேட்டட் கார்பனின் நுண்துளைகள் சீக்கிரம் அடைபட்டுவிடும். ஆர்.ஓ. சவ்வுகளும் கெடும். அவற்றுக்கு முன்னால் ஆர்கனோகிளேயை வைத்தால் எண்ணெய்ப் பங்கை அது எடுத்துக்கொள்ளும், பின்னால் உள்ளவை நீண்ட நாள் உழைக்கும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மெத்தனால் போலத் தண்ணீரில் எளிதாகக் கரையும் பொருள்களை இது நன்றாகப் பிடிக்காது. உப்பை நீக்காது. சரியாகத் தயாரிக்காத மண்ணிலிருந்து அந்த அமோனியம் ரசாயனமே கசியலாம். அது மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் கேடு. தமிழ்நாட்டின் தோல், சாயப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் முதுகெலும்பு நுண்ணுயிர்த் தொட்டிகளும் ஆர்.ஓ.வும் ஆவியாக்கிகளும்தான். களிமண் அவற்றுக்குத் துணையாகுமே தவிர, அவற்றின் இடத்தை எடுத்துக்கொள்ளாது.

மறைப்பதும் நீக்குவதும்

இந்த இடத்தில் நம் ஃபிக்ஹ் நூல்களில் உள்ள ஒரு நுட்பம் நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'மின்ஹாஜ்' நூலில் ஒரு சட்டம் பேசுகிறார்கள். இரண்டு குல்லத் அளவோ அதற்கு மேலோ உள்ள தண்ணீர், நஜீஸ் விழுந்து நிறமோ சுவையோ வாடையோ மாறிவிட்டது. பிறகு அந்த மாற்றம் தானாகவோ, வேறு தண்ணீர் சேர்ந்ததாலோ நீங்கினால் அது சுத்தமாகிவிடும். கஸ்தூரியைப் போட்டு வாடையையும் குங்குமப்பூவைப் போட்டு நிறத்தையும் போக்கினால் சுத்தமாகாது. மண்ணைப் போட்டாலும் அப்படித்தான் என்பதே வலுவான கருத்து. காரணம், நஜீஸ் நீங்கிவிட்டதா, மண்ணின் கலங்கலில் மறைந்திருக்கிறதா என்பது தெரியாது. கலங்கல் படிந்து, தண்ணீர் தெளிந்து, மாற்றம் எதுவும் எஞ்சவில்லை என்றால் சுத்தம் என்று விளக்கவுரையாளர்கள் எழுதுகிறார்கள்.

இது ஷாஃபிஈ மத்ஹபின் விளக்கம். ஹனஃபி மத்ஹபில் தண்ணீரின் அளவுகளும் விவரங்களும் வேறுபடும். ரசாயனமெல்லாம் நஜீஸ் என்றும் இதற்குப் பொருளல்ல. மறைப்பது வேறு, நீக்குவது வேறு என்ற அந்த அளவுகோலையே நாம் எடுத்துக்கொள்கிறோம்.

தூய்மையும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதையும் பிரித்து அறிய வேண்டும். சுத்திகரித்த கழிவுநீரைப் பற்றி 1978-ல் ஸவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை ஒரு முடிவு எடுத்தது. நிபுணர்களின் சாட்சியப்படி நஜீஸின் நிறம், சுவை, வாடை எதுவும் எஞ்சாமல் நீங்கினால் அந்தத் தண்ணீர் சுத்தமானது, அதில் உளூச் செய்யலாம். ஆனால் குடிப்பதால் உடலுக்குக் கேடு வரும் என்றால் குடிக்கக்கூடாது. அந்தத் தடைக்குக் காரணம் நஜீஸ் அல்ல, தீங்கு. ஆக, உளூவுக்குத் தகுதியான தண்ணீர் குழந்தைக்குக் கொடுக்கத் தகுதியற்றதாக இருக்கலாம். ஃபிக்ஹ் சட்டத்தைக் காட்டி ஆய்வகச் சோதனையைத் தவிர்ப்பது சரியாகாது.

பிடிபட்ட நஞ்சு எங்கே போகும்?

களிமண் பெரும்பாலான நேரம் நஞ்சை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. தண்ணீரில் இருந்தது மண்ணுக்குள் போய்விட்டது. அந்த மண்ணை என்ன செய்கிறோம் என்பதில்தான் சுத்திகரிப்பு உண்மையா, வெறும் மறைப்பா என்பது தெரியும். உயர் வெப்பத்தில் எரிக்கலாம். அல்லது, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற, அபாயக் கழிவுக்கென்று அமைத்த பாதுகாப்பான நிலநிரப்பிடத்துக்கு அனுப்பலாம். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் இதற்கு வழி சொல்கின்றன. இரவில் லாரியில் ஏற்றி ஏரிக்கரையில் கொட்டினால், முதல் மழையில் நஞ்சு மீண்டும் பயணம் புறப்படும்.

கசடை அலட்சியமாகக் குவித்தால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை சாட்சி. 2015 ஜனவரி 31 அதிகாலையில், சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கசடு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த ஏழைத் தொழிலாளர்கள் அவர்கள். தண்ணீரிலிருந்து எடுத்து ஒதுக்கிய நஞ்சே அவர்களின் உயிரை எடுத்தது.

நாம் செய்ய வேண்டியவை

வீட்டில்:

1. முல்தானி மட்டியையோ கடையில் வாங்கிய பெண்டோனைட்டையோ குடிநீரில் கலக்க வேண்டாம். ஆர்கனோகிளே ஆலைகளுக்கும் நிபுணர் கைக்கும் உரியது.

2. தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைப் படியவைக்கும். கரைந்துள்ள கரிம நஞ்சை நீக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

3. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். பென்சீன் போன்றவை ஆவியாகி அடுப்படிக் காற்றில் கலக்கும். ஆவியாகாத நஞ்சு, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவாகும்.

4. போர் தண்ணீரில் பெட்ரோல், தின்னர் வாடை வந்தால் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், அருகில் நெருப்பும் வேண்டாம். குடிநீர் வாரியத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். 2013-ல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி எண்ணெய்க் குழாயின் கசிவு வெளிப்பட்டதே மக்கள் தங்கள் போர் தண்ணீரைக் கவனித்ததால்தான்.

5. சந்தேகம் இருந்தால் டி.டி.எஸ். எண்ணோடு நிறுத்தாமல், ஐ.எஸ். 10500 தரத்தின்படி ஃபீனால், கனிம எண்ணெய், பூச்சிக்கொல்லி எச்சம் ஆகியவற்றுக்கும் ஆய்வகத்தில் சோதனை கேளுங்கள்.

6. வடிகட்டியிலுள்ள கார்பன் காட்ரிட்ஜை உரிய காலத்தில் மாற்றுங்கள். நிறைந்துபோன கார்பன் நஞ்சைத் தடுக்காது.

மஹல்லாவில்: பழைய இன்ஜின் ஆயில், தின்னர், மிஞ்சிய பூச்சிமருந்து, காலாவதியான மாத்திரைகள் எதுவும் சாக்கடையில் போகக் கூடாது. ஜமாஅத் நிர்வாகிகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பள்ளிவாசல் கிணற்று நீரைச் சோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஜும்ஆ பயானில் தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று சொல்வதோடு, தண்ணீரைக் கெடுக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ஓர் ஊரே குடிக்கும் நீரில் நஞ்சைக் கலப்பதன் கனம் எவ்வளவு என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

தொழில் நடத்துவோருக்கு: தமக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பது நபிமொழியில் வந்த அடிப்படை விதி. கிணறு கெட்டவரின் உரிமை மனிதனுக்கு மனிதன் பட்ட கடன். பள்ளிவாசலுக்குத் தரும் நன்கொடை அந்தக் கடனை அடைக்காது. உரியவர் மன்னிக்க வேண்டும், அல்லது அவருக்கு ஈடு செய்ய வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்துக்கும் கசடை ஒழுங்காக அகற்றுவதற்கும் ஆகும் செலவு, தொழிலின் கணக்கில் முதல் வரியிலேயே வர வேண்டியது.

மண்ணுக்கு அல்லாஹ் கொடுத்திருக்கும் ஆற்றலை அறிந்து பயன்படுத்துவது அறிவு. அந்த மண்ணின் மேல் எவ்வளவு சுமையை ஏற்றலாம் என்று யோசிப்பது அமானிதம். நம் பிள்ளைகளுக்குத் தெளிந்த நீரோடு சுத்தமான நீரையும் விட்டுச்செல்லும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.